தொப்புளில் தொடங்கிய கொப்புளங்கள்

கல்யாணமாகி ஆறாவது வருஷம்தான் எனக்கு வயிற்றில் ஒன்று தங்கியது. அத்தனை காலம் காத்திருந்து வந்ததாயிற்றே, என்னைக் கீழே விடாமல் தாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் தப்பு. பரமத்தி வேலூருக்குக் கிழக்கே, காவிரி வாய்க்கால் பாயும் மண்ணில் எங்களுக்குக் கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்காலும் அதையொட்டி வாழையும் இருந்தன. வெற்றிலை யாருக்காகவும் காத்திருக்காது. பறிக்கிற நாளில் பறித்து, அடுக்கி, கட்டிச் சந்தைக்கு அனுப்பியாக வேண்டும். வீட்டில் இருந்தது மூன்றே பேர். நான், என் கணவர், அவருடைய அக்காள். கணவரின் அக்காளை எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். மாமனார், மாமியார் இருவருமே நான் அந்த வீட்டுக்குப் போகும் முன்பே காலமாகிவிட்டார்கள். சின்ன வயதிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்த நங்கைதான் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர்.

நங்கைக்கு வாய் கொஞ்சம் நீளம். சோறு குழைந்தால் ஒரு வசவு, விறைத்தால் ஒரு வசவு. நான் குனிந்து கூட்டினால் முதுகு வளையவில்லை என்பார், நிமிர்ந்து உட்கார்ந்தால் மகாராணி என்பார். அதில் கோபம் எதுவும் இல்லை, காக்கை கரைவதைப் போல அது அவர் சுபாவம் என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. புரிந்த பிறகு அவர் திட்டத் திட்ட எனக்குச் சிரிப்பு வரும். அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

ஏழாம் மாதம் பிறந்து சில நாள் ஆகியிருந்தது. மாசி மாதக் கடைசி. வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தபோது தொப்புளைச் சுற்றி அரிப்பு எடுத்தது. சேலையின் கொசுவம் உரசுகிறது என்று நினைத்துத் தளர்த்திக் கட்டினேன். அரிப்பு நிற்கவில்லை. நங்கையிடம் சொன்னேன். குழந்தைக்குத் தலைமுடி முளைக்கிறது, அதுதான் குறுகுறுக்கிறது, இதற்கெல்லாம் ஒருத்தி முறையிடுவாளா என்றார். முடி முளைப்பதாகவே நானும் நினைத்துக்கொண்டேன். அடர்த்தியான முடியாக இருக்கட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் தொப்புளைச் சுற்றி, காஞ்சொறிச் செடி பட்டது போலச் சிவந்து தடித்தது. தடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து வட்டம் வட்டமாகப் படர்ந்தன. ஒரு வாரத்தில் அவற்றின் மேல் கொப்புளங்கள் எழுந்தன. முதலில் பாசிப்பயறு அளவுதான் இருந்தன. பிறகு சில கொட்டைப்பாக்கு அளவுக்கு, உள்ளே தெளிந்த தண்ணீரோடு விறைத்து நின்றன. வயிற்றிலிருந்து தொடைக்கும் முதுகுக்கும் இறங்கி, கைகளுக்கும் வந்தன. முகத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

குளித்துவிட்டு வந்தபோது என் முழங்கையில் ஒன்றை நங்கை பார்த்துவிட்டார். கையில் பிடித்திருந்த முறத்தைக் கீழே வைத்தார். இரண்டு அடி பின்னால் போனார். எதற்காகத் திட்டப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு கையையும் கூப்பி, தலை குனிந்து நின்றார்.

பங்குனி மாரியம்மன் நோன்புக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. வெயில் ஏறும் அந்த மாதங்களில்தான் அம்மையும் வரும். அம்மை போட்டவர் உடம்பில் ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அப்படிப்பட்டவரைக் கடிந்து பேசக் கூடாது. கேட்டதை இல்லையென்று சொல்லக் கூடாது. அன்று பொழுது சாய்வதற்குள் வாசல் நிலையில் வேப்பங்குழை ஏறிவிட்டது. சமையலில் தாளிப்பது நின்றது. என் கணவர் கொடிக்காலில் இருந்த குடிசைக்குப் போய்விட்டார். நங்கை ஒரு சொம்பை ஏந்திக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார்.

“ஏனுங்க, எளநி குடிக்கிறீங்களா?”

எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

அந்த மூன்று வாரத்தைப் பற்றி எப்படிச் சொல்வது. என் வாழ்க்கையில் அவ்வளவு அரிப்பை நான் அனுபவித்ததில்லை. அவ்வளவு மரியாதையையும் அனுபவித்ததில்லை. ஆறு வருஷமாக என்னை ஒருமையில் அதட்டிய வாய் வரிக்கு வரி ‘ங்க’ போட்டது. கம்மங்கூழ் கேட்டால் கம்மங்கூழ் வந்தது. அது தொண்டையில் இறங்குவதற்குள் பானகம் வேண்டும் என்று சொன்னால் பானகம் வந்தது. ஒரு நாள் வேண்டுமென்றே, கூழில் உப்புக் குறைவு என்றேன். நங்கையின் உதடு ஒரு கணம் துடித்தது. வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு, “மன்னிச்சுக்குங்க தாயி” என்று உப்பெடுக்கப் போனார். சிரிப்பை அடக்கப் போய் என் வயிறு குலுங்கி, இரண்டு கொப்புளம் உடைந்தது.

உடைந்தால்தான் கஷ்டம். துணி ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் தோலோடு வரும். அதனால் வாழைக் குருத்திலையில்தான் படுப்பேன். தினமும் விடிந்ததும் என் கணவர் தோட்டத்தில் விரியாத குருத்தாகப் பார்த்து அறுத்து, பனி ஈரம் உலராமல் கொண்டுவந்து ஜன்னல் கம்பி வழியாக நீட்டுவார். உள்ளே வரக் கூடாது என்பது நங்கையின் கட்டளை. என் கணவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, தாறு எத்தனை சீப்பு விட்டிருக்கிறது, எந்தக் கொடியில் பூச்சி விழுந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். கல்யாணமான நாளிலிருந்து பகலில் அவர் என்னிடம் அவ்வளவு நேரம் பேசியதில்லை. குருத்திலை முதுகில் பட்டதும் ஒரு குளிர்ச்சி வரும் பாருங்கள், கால்மணி நேரத்துக்கு அரிப்பு எங்கே என்று தேட வேண்டும்.

பயம் இல்லாமல் இல்லை. அரித்து அரித்துத் தூக்கம் போன பொழுதுகளில், வெளியே இப்படி வெந்து கிடக்கிறதே, உள்ளே இருப்பது என்ன பாடு படுகிறதோ என்று வயிற்றில் கை வைத்துப் பார்ப்பேன். அந்த நேரம் பார்த்து அது ஒரு உதை விடும். கொப்புளம் இருந்த இடமாகப் பார்த்துத்தான் உதைக்கும். வலி உயிர் போகும், ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இதற்கிடையில் கட்டுச்சோற்று விருந்து வந்தது. மாசமாக இருக்கும் பெண்ணுக்குத் தாய் வீட்டார் விதவிதமான சோறு கட்டிக் கொண்டுவந்து போடுகிற சடங்கு அது. என் தாய் வீடு சங்ககிரிப் பக்கம். முன்பே நாள் குறித்தாயிற்று. எனக்கு அம்மை என்று இங்கிருந்து சொல்லி அனுப்பிய ஆள் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் வண்டி கட்டிப் புறப்பட்டுவிட்டார்கள். ஒரு நாள் காலையில் இரண்டு மாட்டு வண்டி நிறைய ஒறம்பரைச் சொந்தக்காரர்களும் சோற்றுப் பானைகளுமாக வாசலில் வந்து நின்றார்கள். வேப்பங்குழையைப் பார்த்ததும் வண்டியிலிருந்து இறங்கின என் அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

புளிச்சோறு, எள்ளுச்சோறு எல்லாம் தாளித்தவை. தாளித்த வாசம் ஆத்தா இருக்கிற வீட்டுக்குள் வரக் கூடாது. அவ்வளவு சோற்றையும் திருப்பி அனுப்பவும் முடியாது. நங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எல்லாரையும் வாழைத் தோட்டத்துக்குள் ஓட்டிப் போனார். என் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே, மரங்களுக்கு நடுவில் பந்தி போட்டார். சோறு இந்த வரப்பைத் தாண்டி இக்கட்ட, வீட்டுப் பக்கம், வரக் கூடாது என்று கோடு கிழித்தார். சாப்பிடுகிற ஒவ்வொருவரும் ஜன்னலில் தெரிகிற என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். மாமன்மார் அங்கிருந்தே கேலி பேசினார்கள், நான் இங்கிருந்தே பதில் சொன்னேன். எனக்குத் தாளிக்காத தயிர்ச்சோறு ஒரு கிண்ணம் கம்பிக்குள் வந்தது. என் அம்மா கோட்டின் மேலேயே நின்று, பிசைந்த கையோடு, நான் ஒவ்வொரு வாய் உண்ணும்போதும் தானும் வாயை அசைத்தார். இத்தனை பேர் கூடிச் சிரித்த விருந்து எங்கள் வீட்டில் அதற்கு முன் நடந்ததில்லை.

மூன்று வாரம் ஆயிற்று. அம்மை என்றால் இதற்குள் முத்து இறங்கிப் பொருக்கு உதிர்ந்து, தலைக்குத் தண்ணீர் வார்த்திருக்க வேண்டும். எனக்கோ ஒரு பக்கம் காய்ந்தால் இன்னொரு பக்கம் புதிதாக எழுந்தது. ஆத்தாளுக்கு உங்கள் மேல் பிரியம் அதிகம், கிளம்ப மனசில்லை என்று நங்கை சமாதானம் சொன்னார். அப்போதுதான் மணியக்காரர் எழுதிப் போட்டதன் பேரில் அம்மை குத்தும் உத்தியோகஸ்தர் ஊருக்கு வந்தார். ஓரிடத்தில் அம்மை கண்டால் சுற்றியுள்ளவர்களுக்கெல்லாம் கையில் கீறி மருந்து வைப்பது அவர் வேலை. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். அவர் முகம் முழுவதும் அம்மைத் தழும்பு.

நங்கை அவரை வாசலிலேயே மறித்தார். அவர் சண்டை போடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு, ஆத்தாவைக் கும்பிட்டுவிட்டுப் போகிறேன் என்றார். அதற்கு நங்கையால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. உத்தியோகஸ்தர் அறை வாசலில் குந்தி, என் கைகளைத் தொடாமல் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார். உள்ளங்கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். காய்ச்சல் இருந்ததா என்று கேட்டார். ஆத்தா குளிர்ச்சியாக வந்திருக்கிறாள் என்று நங்கை பதில் சொன்னார். முதலில் எங்கே தொடங்கியது என்று கேட்டதற்கு, தொப்புள் என்று நான் சொன்னேன். கொஞ்ச நேரம் தன் கன்னத்துத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

“இது அம்மை இல்லைம்மா. அம்மை முகத்தை விடாது. என்னையே பாருங்க. இது வேற என்னமோ. சேலத்துல பொம்பளைங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.”

நான் பிழைத்தேன் என்றோ, குழந்தைக்கு என்ன ஆகுமோ என்றோ எனக்கு முதலில் தோன்றவில்லை. ஐயோ, இனித் திட்டு வாங்க வேண்டுமே என்றுதான் தோன்றியது. நங்கையைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வாரத்துப் பானகமும் இளநீரும் அவர் கண்ணில் ஓடியது எனக்குத் தெரிந்தது. ஆனால் அவர் உள்ளே போய் ஒரு மூங்கில் கூடையில் துணி எடுத்து வைக்க ஆரம்பித்தார். யாருக்கு என்று கேட்டேன்.

“நானும் வாரேன். உன்னையத் தனியா உட்டுப்போட்டு எனக்கு இங்க சோறு எறங்குமா?” என்றார்.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. பின்னால் ஓர் உருளை அடுப்பைத் தொங்கவிட்டு, கரியைப் போட்டு ஊதி ஊதிக் கிளப்புவார்கள். அம்மைக்காரரைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் அம்மை குத்துபவர், இது அம்மையில்லை என்று ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார். என் கணவர் அதைப் பார்க்கிறவரிடமெல்லாம் காட்டினார். வேலூரில் ஏறின ஒரு வாத்தியார் சத்தமாக வாசித்தார். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, என் கையைப் பார்த்துவிட்டு, முன்பக்கமாகப் போய் ஒருவர் மேல் ஒருவர் நெருக்கிக்கொண்டார்கள். பின்பக்கத்து மூன்று பெஞ்சும் எங்களுக்கே காலியாயின.

“இத்தனை விசாலமா இனி எப்பப் போகப் போறோம். நல்லாக் காலை நீட்டிக்கோ அம்மிணி,” என்றார் என் கணவர். அவர் வேடிக்கை பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நாமக்கல் மலை தெரிகிற வரைக்கும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நாமக்கல் தாண்டி ஒரு மேட்டில் வண்டி மூச்சுவிட்டு நின்றது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். என்னை மட்டும் இறங்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா ஐம்பது வயதுக்காரர். தெற்கத்திச் சீமைப் பேச்சு. என்னைப் படுக்க வைத்து வயிற்றைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துபோயிற்று. என் வயிற்றைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நர்சுகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நங்கைக்குப் பொறுக்கவில்லை. இதென்ன பொம்மலாட்டமா என்று முனகினார்.

பிறகு டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எங்களுக்கு நிதானமாகச் சொன்னார். இது கர்ப்பத்தோடு வருகிற வியாதி. ஆயிரக்கணக்கில் பிரசவம் பார்த்தவர்கள்கூட ஒன்றிரண்டுதான் பார்த்திருப்பார்கள். இங்கிலீஷில் இதற்கு நீளமான பேர் உண்டு. ஒட்டுவாரொட்டி அல்ல. ஏன் வருகிறது என்று புத்தகம் எழுதினவருக்கும் தெரியவில்லை. குழந்தை பிறந்ததும் ஒரு தடவை சீறிவிட்டுப் போய்விடும். குழந்தை சற்று முந்திப் பிறக்கலாம், இளைத்திருக்கலாம், அதனால் இங்கேயே தங்க வேண்டும். இதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு என் கைகளைத் தன் வெறுங்கையால் பிடித்துக்கொண்டார். மூன்று வாரத்துக்குப் பிறகு என்னை ஒருவர் தொட்டது அப்போதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நங்கை தயங்கித் தயங்கிக் கேட்டார். “அப்ப இது ஆத்தா இல்லீங்களா?”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “இல்லம்மா. ஆனா நீங்க ஆத்தாளைப் பாத்துக்கிட்ட மாதிரி பாத்திருக்கீங்க. இத்தனை புண்ணுல ஒண்ணுகூடச் சீழ் பிடிக்கலை. எங்க வார்டுல இருந்திருந்தா இவ்வளவு சுத்தமா இருந்திருக்குமான்னு தெரியலை.”

நங்கை சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார். அன்று முழுவதும் நிமிர்ந்தே நடந்தார்.

வைத்தியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ரோஜா நிறத்தில் ஒரு மருந்துத் தண்ணீர், குலுக்கிப் பூச வேண்டும். காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருப்பேன். அரிசிக் கஞ்சியைத் தண்ணீரில் கரைத்து உடம்பில் வார்ப்பார்கள். பெரிய கொப்புளத்தைக் கொதிக்கவைத்த ஊசியால் குத்தி நீரை மட்டும் வடித்துவிட்டு, மேல்தோலை அப்படியே விட்டுவிடுவார்கள். வாழைக் குருத்தைப் பற்றி நான் சொன்னதும், இதைவிட நல்ல படுக்கை என்னிடம் இல்லை என்று டாக்டரம்மா ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு என் கணவர் வாரம் இரண்டு தடவை கரி பஸ்ஸில் குருத்திலைக் கட்டோடு வந்து போனார்.

பக்கத்துக் கட்டிலில் சேலத்து நெசவுக்காரப் பெண் ஒருத்தி. வந்த அன்று என்னைப் பார்த்ததும் தன் கட்டிலைத் தள்ளிப் போடச் சொன்னாள். ஒட்டாது என்று நர்சுகள் சொல்லியும் கேட்கவில்லை. நான்காம் நாள் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெற்று முடித்த தெம்பில் பயம் போய்விட்டது போலிருக்கிறது, மெதுவாக நடந்து வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். நான் உடுத்தியிருந்த சேலையைத் தொட்டுப் பார்த்து, இந்த முரட்டுத் துணியைப் போய்ப் புண்ணில் போடுவார்களா என்று கோபித்துக்கொண்டாள். மறுநாள் அவள் வீட்டிலிருந்து ஒரு மூட்டை வந்தது. வருஷக்கணக்காகத் துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன வேட்டிகள். அவற்றைக் கொதிக்கவைத்து உலர்த்தி உடுத்திக்கொண்டேன். துணி உடுத்தியிருப்பதே தெரியவில்லை.

சித்திரைக் கடைசியில், நாள் கணக்குக்கு மூன்று வாரம் முந்தியே, ஒரு முற்பகலில் என் மகன் பிறந்தான். நாலே முக்கால் ராத்தல் எடை, இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கோழிக்குஞ்சு மாதிரி இருந்தான், ஆனால் குரல் மட்டும் வார்டைத் தாண்டி ரோடு வரைக்கும் கேட்டது. தலை நிறைய முடி. அவனைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸ் சட்டென்று நிறுத்தி டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அவன் வயிற்றில் மூன்று, தொடையில் இரண்டு, ஒரு பாதத்தின் மேல் ஒன்று. கடுகைவிடச் சற்றுப் பெரிய கொப்புளங்கள். அவற்றைச் சுற்றிச் சிவப்பு. என் உடம்பில் அத்தனை நூறு வந்தபோது கலங்காத நான், அந்த ஆறைப் பார்த்ததும் உடைந்துபோனேன். என்னுடையதை அவனுக்குக் கொடுத்துவிட்டேனே என்று வாய்விட்டுச் சொன்னேன்.

டாக்டரம்மா அவனைக் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டார். “ஆமா, உங்கிட்டேருந்து வந்ததுதான். உன் ரத்தத்துலேருந்து என்னமோ கொஞ்சம் அவனுக்குப் போயிருக்கு. அவனா இதைப் புதுசா உண்டாக்க மாட்டான். கொண்டு வந்தது தீர்ந்ததும் போயிடும். ரெண்டு மூணு வாரம் பொறு. பயப்படாமப் பால் குடு.”

பாலில் வியாதி இறங்காதா என்று நங்கை கேட்டார். இறங்காது என்றார். இரண்டாவது தடவையும் கேட்டார். இரண்டாவது தடவையும் இறங்காது என்றார். அதற்கு மேல் நங்கை யாரையும் கேட்க விடவில்லை. குழந்தையைப் பார்க்க வந்த ஒரு ஒறம்பரைக்காரி, இதுக்குப் பால் குடுக்கலாமா என்று இழுத்தபோது, நங்கை எழுந்து நின்றுகொண்டு, டாக்டரம்மா சொன்னதையெல்லாம் தான் படித்துப் பட்டம் வாங்கினதைப் போல எடுத்துச் சொன்னார். ரத்தத்தில் வந்தது, தீர்ந்ததும் போய்விடும், ஒட்டாது, வேண்டுமானால் தொட்டுப் பார். சொல்லிவிட்டு அவரே அந்தச் சின்னப் பாதத்தைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

சொன்னபடியே பிரசவமான மறுநாள் எனக்கு மீண்டும் சீறிக்கொண்டு வந்தது. கழுத்து வரைக்கும் ஏறியது. எதிர்பார்த்திருந்ததால் பயமில்லை. ரோஜா நிற மருந்தைப் பூசிக்கொண்டு குழந்தையை மடியில் போட்டால், அவன் கன்னமெல்லாம் ரோஜா நிறமாகிவிடும். ஒரு வாரத்தில் அவனுடைய கொப்புளங்கள் சுருங்கின. பன்னிரண்டாம் நாள் பாதத்தில் இருந்தது பொருக்காக உதிர்ந்தது. இருபதாம் நாள் எந்த இடத்தில் இருந்தது என்று நானும் நங்கையும் வெளிச்சத்தில் வைத்துத் தேடினோம், கண்டுபிடிக்க முடியவில்லை. நங்கை தொடையில் ஒன்றைக் காட்டினார். அது எறும்பு கடித்தது. எனக்கு முழுதாக ஆற ஆனி ஆகிவிட்டது. வயிற்றில் மட்டும் மாநிறத்தைவிடக் கறுத்த திட்டுகள் கொஞ்ச காலம் இருந்து மறைந்தன.

வெகு காலத்துக்குப் பிறகு ஒரு தோல் டாக்டரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் காரணத்தை விளக்கினார். நோயோடு சண்டை போட உடம்பில் ஒரு காவல் இருக்கிறதாம். நஞ்சுக்கொடியில் இருக்கும் ஏதோ ஒன்றைப் பார்த்து அந்தக் காவலுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. அதே பொருள் தாயின் தோலிலும் இருப்பதால், தன் வீட்டையே அந்நியன் வீடென்று நினைத்து அடித்து நொறுக்குகிறது. காவலாட்கள் சிலர் ரத்தத்தோடு குழந்தைக்கும் போய், கொஞ்ச நாள் கலகம் செய்து ஓய்ந்துவிடுகிறார்கள். இப்போது இதற்கு நல்ல மருந்து இருக்கிறதாம். எனக்குப் பிரசவம் பார்த்த டாக்டரம்மா காரணம் தெரியாமலே இதில் பாதியைச் சொல்லிவிட்டார் என்று நான் சொன்னேன். அவரும் ஆமாம் என்றார்.

மறுபடி உண்டானால் மறுபடியும் வரலாம், இன்னும் சீக்கிரமாகவே வரலாம் என்று டாக்டரம்மா எச்சரித்து அனுப்பியிருந்தார். மூன்று வருஷம் கழித்து அப்படியே வந்தது. ஐந்தாம் மாதமே தொப்புளைச் சுற்றி அரித்தது. இந்தத் தடவை வேப்பங்குழை ஏறவில்லை. நங்கை என்னை ஒரு நாள்கூட ‘ங்க’ போட்டு அழைக்கவில்லை. அரிக்கிறதென்று உருண்டால் இலை கிழிகிறது, உன் புருஷன் என்ன இலைக் கடையா வைத்திருக்கிறான் என்று திட்டிக்கொண்டே கஞ்சி வார்த்தார். முன்பு எட்டி நின்ற ஊர்ப் பெண்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கும் சேர்த்து வெற்றிலை அடுக்கிக் கொடுத்தார்கள். சேலத்திலேயே இரண்டாவது பையன் பிறந்தான். எனக்கு முதல் தடவையைவிட மோசம், அவன் உடம்பில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

மூன்றாவது தடவை தினமும் காலையில் எழுந்ததும் தொப்புளைத்தான் பார்ப்பேன். ஐந்தாம் மாதம் போயிற்று. ஏழு போயிற்று. ஒன்பதும் ஆயிற்று. வரவேயில்லை. சில சமயம் அப்படித் தாண்டிவிடுவதும் உண்டு என்று பிறகு சொன்னார்கள். சேலத்துக்குப் புறப்பட நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆடி பிறந்த நாலாம் நாள் காலையிலேயே வலி கண்டுவிட்டது. பஸ்ஸுக்கு நேரமில்லை. உள்ளூர் மருத்துவச்சி கையில் வீட்டிலேயே மகள் பிறந்தாள். துடைத்துக் கொடுத்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உள்ளங்காலிலிருந்து பிடரி வரைக்கும் பார்த்தேன். எங்கும் ஒன்றும் இல்லை.

காவிரியில் புதுத் தண்ணீர் வந்திருந்த சமயம். என் கணவர் வாழைக்கு மடை மாற்றிக்கொண்டிருந்தார். நங்கை வாசலில் நின்றபடியே கூப்பிட்டு, பெண்பிள்ளை, தோல் வெண்ணெயாட்டம் இருக்கிறது என்றார். அவர் மண்வெட்டியை வரப்பில் போட்டுவிட்டு, சேற்றுக் காலோடு நேரே உள்ளே வந்துவிட்டார். காலைக் கழுவச் சொல்லி நங்கை கத்தியது அவர் காதில் விழவில்லை. மகளை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு வெகு நேரம் அப்படியே நின்றார். அடைக்காமல் விட்ட மடையில் தண்ணீர் தன் பாட்டுக்கு வாழைக்குள் பாய்ந்துகொண்டிருந்தது.